எத்தனை அடுப்பு என்று கேட்ட இ-சேவை மையம்

பாம்பன் பக்கம் இருக்கும் சின்ன இ-சேவை மையம் இது. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், கைரேகைக் கருவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு பெண்தான் நடத்துகிறார். மூன்று முறை போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

எங்கள் பிரச்சினையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே கூரைக்குள் மாமியார், நாங்கள், கொழுந்தன் குடும்பம். கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆன மறு வருடமே சமையல் தனித்தனியாகிவிட்டது. குடும்ப அட்டை மட்டும் ஒன்றாகவே கிடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தக் காலத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அண்ணன் தம்பி இருவருமே விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். இரண்டு அடுப்புக்கும் வரும்படி நின்றது, பணம் வந்ததோ ஒரு கணக்குக்கு. அதில் வந்த சண்டையில் ஒரு மாதம் இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. மகளிர் உரிமைத் தொகையிலும் இதே கதைதான். மாதம் 1,000 ரூபாய், ஒரு அட்டைக்கு ஒரு பெண். கொழுந்தன் மனைவிக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு விண்ணப்பம் போட்டோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை, அட்டையைப் பார்த்துத் தட்டி அனுப்பிவிட்டார்கள். மாமியாரின் தொழில் 'இல்லத்தரசி' என்று போய்விட்டது. மாதத்தில் 12 நாள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற மனுஷி அவர். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த மையத்துப் பெண் கணினியைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "வீட்டுல எத்தனை அடுப்பு எரியுதுக்கா?"

நான் அஞ்சல் வழியில் பி.ஏ. சமூகவியல் படித்தவள். ஏ. எம். ஷா என்ற சமூகவியலாளர் குஜராத்தில் கிராம ஆய்வு செய்து, குடும்பம் வேறு, குடித்தனம் வேறு என்று பிரித்துக் காட்டியவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே சமையலில் சேர்ந்து சாப்பிட்டு வாழ்கிறவர்களைத்தான் ஒரு குடித்தனமாக எண்ணுகிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்த விஷயத்தை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். திட்டம் போடுகிறவர்கள் அட்டையை எண்ணுகிறார்கள். அட்டையோ, மனிதர்கள் பிரிந்து வருடக்கணக்கான பிறகும் பழையபடியே இருக்கிறது. நடுவில் ஒருவர் வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

அப்புறம் எல்லாம் பொறுமையாகச் சொன்னார். பழைய அட்டையில் பெயர் நீக்கம் முதலில், புது அட்டை அடுத்து. கொழுந்தன் பக்கத்து கேஸ் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். விசாரணைக்கு வந்தவர் நேராக அடுப்பங்கரைக்குத்தான் போனார். இரண்டு அடுப்பையும் பார்த்தார், கிளம்பிவிட்டார். மாமியாருக்கு வருமானச் சான்று போட்டபோது, தொழில் 'பாசி எடுத்தல்' என்று தட்டி, திரையைத் திருப்பிக் காட்டி, சரியா என்று கேட்டபிறகே அனுப்பினார். கட்டணம் 60 ரூபாய், ரசீது உண்டு.

குறை இல்லாமல் இல்லை. மதியத்துக்கு மேல் நெட் இழுக்கிறது. வெயிலில் நிற்க நிழல் கிடையாது, வயதானவர்களுக்குச் சிரமம். பாசியில் ரேகை தேய்ந்துபோன மாமியாரின் விரல் நான்காவது தடவைதான் பதிந்தது. அதுவரை அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, வெந்நீரில் கழுவிவிட்டு வைக்கச் சொன்னார்.

தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. மார்ச் மாதமே, காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். ஆதாரோடு கேஸ் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.