பழைய எல்பி ரெக்கார்டைச் சுத்தம் செய்ய: ஸ்டீமரா, கைக்கழுவலா, வேக்குவம் மெஷினா?

துணிச் சுருக்கம் எடுக்கிற ஸ்டீமரை எல்பி மேல் காட்டலாமா என்று கேட்டால், காட்டலாம், ஆனால் ஆவி அழுக்கை இளக்கத்தான் செய்யும், வெளியே எடுக்காது. இளகியதை உடனே அலசி எடுக்காவிட்டால் அதே க்ரூவில் (ஊசி ஓடுகிற நுண்ணிய பள்ளம்) திரும்பக் காய்ந்து, முன்பைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆவி உண்மையிலேயே கைகொடுப்பது பூஞ்சைக்கும் விரல் பிசுக்குக்கும்தான். கடலோர ஊரில் பல மழைக்காலம் அட்டைக்குள்ளேயே கிடந்த தட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், சில இடத்தில் நூல் மாதிரி கிளை விட்டிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவினால் இது முழுசாகப் போவதில்லை. ஆவி பட்ட பிறகு பிரஷ் போட்டால் சுலபமாக விட்டுவிடுகிறது.

ஆனால் எல்பி செய்கிற வினைல் பிளாஸ்டிக் 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், ஆவியோ 100 டிகிரியில் கிளம்புகிறது. அதனால் ஒரு சாண் தூரம் விட்டு, கையை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே, சில நொடிகளில் முடித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் தட்டு வளைந்துவிடும், அதைச் சரிசெய்வது பெரும் பாடு. நடுவில் இருக்கும் காகித லேபிளை மூடிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய 78 ஆர்பிஎம் தட்டு என்றால் ஸ்டீமரை எடுக்கவே வேண்டாம்: அது அரக்குத் தட்டு, சூடு ஆகாது, ஆல்கஹாலும் ஆகாது.

கைக்கழுவல்தான் என் முதல் தேர்வு. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஓரிரு சொட்டு, மென்மையான பிரஷ், க்ரூவ் போகிற வாக்கில் வட்டமாகத் தேய்ப்பது, அப்புறம் புதுத் தண்ணீரில் அலசுவது. இந்தக் கடைசி அலசலைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், பாட்டுக்கு நடுவே கேட்கிற படபட சத்தத்தில் பாதி, காய்ந்துபோன சோப்பும் உப்பும்தான் என்பது என் எண்ணம். போர் தண்ணீர் கூடவே கூடாது, ஸ்டீமருக்குள்ளும் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து வெள்ளைத் துளியாகத் தட்டு மேலேயே துப்பும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கிற தண்ணீர் போதும்.

வேக்குவம் மெஷின் (ப்ரோ-ஜெக்ட், ஓக்கி நோக்கி மாதிரி) அழுக்குத் தண்ணீரைக் க்ரூவிலிருந்தே உறிஞ்சிவிடும், காய வைக்கிற வேலையும் மிச்சம். பலன் உறுதி, சத்தம் அதிகம், விலை ஒரு நல்ல டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்) அளவுக்கு வரும். நூற்றுக்கணக்கில் தட்டு வைத்திருப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். டீகிரிட்டர் போன்ற, தண்ணீரில் மீயொலி அதிர்வு கொடுத்துச் சுத்தம் செய்கிற அல்ட்ராசோனிக் மெஷின்கள் இதைவிட நுணுக்கமாக வேலை செய்யும், ஆனால் விலை லட்சங்களில்.

பத்து இருபது தட்டுதான் என்றால் கையால் கழுவுங்கள், பூஞ்சை பிடித்ததற்கு மட்டும் கழுவலுக்கு நடுவில் ஆவி காட்டுங்கள். எந்த வழியில் சுத்தம் செய்தாலும், பூஞ்சை இருந்த தட்டைப் பழைய உள்ளுறைக்குள் திரும்பப் போடாதீர்கள், அந்த உறையிலும் பூஞ்சை இருக்கும்.