பின்னால் ஆள் இருந்தால் காட்டுப்பாதைக்கு எந்த பைக்: ஹிமாலயனா, எக்ஸ்பல்ஸா?

தனியாகப் போகிறவருக்கு இந்த அலசலே வேண்டாம். சத்தியமங்கலம் பக்கத்துக் கடம்பூர் மலையில் ஸ்ப்ளெண்டரும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் ஏறாத மண்பாதை கிடையாது. மலைக்காரர்கள் அதில் மூட்டையும் ஏற்றிக்கொண்டு நம்மைத் தாண்டிப் போவார்கள். பின்னால் மனைவி உட்கார்ந்து, கெம்பநாயக்கன்பாளையம் வழியாக மலையேறி, கடம்பூர் தாண்டி மாக்கம்பாளையம் பக்கம் போக வேண்டும் என்று வரும்போதுதான் கேள்வி கனக்கிறது. சர்க்கரைப் பள்ளம், குரும்பூர் பள்ளம் என்று வழியில் ஓடைகள். நல்ல மழை பெய்து தண்ணீர் வந்து பஸ்ஸே போகமுடியாமல் நின்றதுண்டு அந்தப் பாதையில்.

எங்கள் கணக்கில் கடைசிவரை நின்றவை இரண்டு: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. முதலாவதை நண்பரிடம் கடன் வாங்கி ஒரு மழைக்காலம் ஓட்டினோம். இரண்டாவதை வாங்கிவிட்டோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முன்சக்கரம் இரண்டிலும் 21 அங்குலம், தரையிலிருந்து இடைவெளி இரண்டிலும் 220 மில்லிமீட்டர். இரண்டும் ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர். ஆகவே பஞ்சர் கிட், பம்பு, ஒரு ட்யூப் எதில் போனாலும் பையில் இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் ஹிமாலயனில் ஒரு விரற்கடை கூடுதலாக ஆடும். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இழுவையில் ஹிமாலயன்தான், சந்தேகமே இல்லை. 32 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 ஆர்பிஎம்முக்குள்ளேயே வந்துவிடும். எக்ஸ்பல்ஸில் 17.35தான், அதற்கும் 6,500 வரை முறுக்க வேண்டும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கல் புரளும் ஏற்றத்தில் முதல் கியரில் போகும்போது ஹிமாலயன் பாட்டுக்கு ஏறும். எக்ஸ்பல்ஸில் கிளட்ச்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு ஓட்ட வேண்டியிருக்கும், இடது கை வலிக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) இரண்டு பல் கூட்டிப் போட்டால் இது பெருமளவு சரியாகும். நெடுஞ்சாலையில் வேகம் கொஞ்சம் குறையும், எங்களுக்கு அது நட்டமில்லை.

சீட்டிலும் ஹிமாலயன்தான். பின்சீட்டு தனியாக, அகலமாக, படிபோல உயர்ந்திருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் நம் முதுகில் வந்து மோதுவதில்லை. எக்ஸ்பல்ஸில் நீளமான ஒரே சீட்டு, ஒடுக்கம், கெட்டி. "பலகையில உக்காந்த மாதிரி இருக்குதுங்க" என்று முதல்நாளே மனைவியின் தீர்ப்பு வந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டில் ஓட்டு ஹிமாலயனுக்குத்தான்.

அப்புறம் ஏன் எக்ஸ்பல்ஸ்? எடை. ஹிமாலயன் 199 கிலோ, எக்ஸ்பல்ஸ் சுமார் 159. நாற்பது கிலோ வித்தியாசம் தார்ச்சாலையில் தெரியாது, மண்பாதையில் தனியாகப் போனாலும் சமாளிக்கலாம். பின்னால் ஆள் இருந்தால், ஓடும்போது அல்ல, நிற்கும்போது தெரியும்.

காட்டுப்பாதையில் பின்னால் இருப்பவர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடை வந்தால் இறங்கணும், சேறு வந்தால் இறங்கணும், உருட்டுக்கல் ஏற்றத்தில் இறங்கி நடந்து மேலே வந்து மறுபடி ஏறணும். ஒவ்வொரு முறையும் இடது புட்ரெஸ்ட்டில் அவர் முழு எடையையும் வைத்து எழுந்துதான் காலைத் தூக்கிப் போட முடியும். அந்த ஒரு நொடியில் வண்டி இடப்பக்கம் சாயும். ஓட்டுபவரின் இடது கால் ஈரக் கல்லின்மேல் இருக்கிறது. இடப்பக்கம் பள்ளமாக இருந்துவிட்டால் கால் இன்னும் கீழே எட்ட வேண்டும். 159 கிலோவை அந்தச் சாய்விலிருந்து தொடையால் முட்டி நிமிர்த்திவிடலாம். 199 கிலோ ஓரளவுக்குமேல் சாய்ந்துவிட்டால் அவ்வளவுதான், படுக்கவைத்துவிட்டு நகர்ந்துகொள்வதே காலுக்கு நல்லது. இடம் பார்த்து நிறுத்தி, ஹேண்டிலை நேராக வைத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, "ம்" சொன்ன பிறகுதான் ஏறுவது இறங்குவது என்று நாங்கள் பழக்கம் வைத்திருக்கிறோம். பள்ளம் இடப்பக்கம் என்றால் வலப்பக்கமாக இறங்குவதும் உண்டு. எந்த வண்டிக்கும் இது வேண்டும். ஹிமாலயனில் இதில் ஒன்று பிசகினாலும் மன்னிப்பு இல்லை.

சீட் உயரத்தைப் பார்த்துப் பலர் எக்ஸ்பல்ஸை ஒதுக்குகிறார்கள். ஹிமாலயன் 800 மில்லிமீட்டர், இது சுமார் 825. பின்னால் ஆள் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி வண்டி தாழ்ந்துவிடுவதால் அந்த வித்தியாசம் பாதி காணாமல் போகும். ஆனால் ஸ்பிரிங்கை அப்படியே தளர்வாக விட்டால் முன்சக்கரம் லேசாகி மணலில் அலையும், ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும். ப்ரீலோடை, அதாவது பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது.

திரும்புவதும் எடைக் கணக்கில்தான் வரும். இது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 1,400 சதுர கிலோமீட்டருக்குமேல் யானைக்காடு. ஓட்டுபவர் கண் தரையில் இருக்கும், யானையை முதலில் பார்ப்பது பின்னால் இருப்பவர்தான். ஒரு வண்டி அகலப் பாதையில் முன்னும் பின்னும் தள்ளித் திருப்ப வேண்டிய நேரத்தில் இலகுவான வண்டியின் அருமை தெரியும். (ஊர்களுக்குப் போகும் பொதுப்பாதையைத்தான் சொல்கிறேன். கிளை பிரியும் காட்டுத் தடத்தில் ஏறினால் வனத்துறையிடம் அபராதம் கட்ட வேண்டிவரும்.)

நாங்கள் இருப்பது கோபி பக்கம், மலையடிவாரம் கூப்பிடு தூரம். சென்னையிலிருந்து இரண்டு பேராகக் கிளம்பி, நாள் முழுக்க நாலுவழிச்சாலையில் வந்து, கடைசி முப்பது கிலோமீட்டர் மட்டும் மண் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள். 15 லிட்டர் டேங்க், நல்ல சீட்டு, தெம்பான இஞ்சின் எல்லாம் சேர்த்து ஹிமாலயனே சரி. 411 இப்போது புதிதாக வருவதில்லை, பழைய வண்டிதான் தேட வேண்டும். அதற்குப்பின் 2023-இல் வந்த 450-ஐக் கொஞ்ச தூரம் தனியாக ஓட்டிப் பார்த்ததோடு சரி. 40 குதிரைத்திறன், இழுவை அபாரம், ஆனால் அதுவும் 196 கிலோ. பின்னால் ஆளோடு சேற்றில் அது எப்படி என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

எக்ஸ்பல்ஸ் சீட்டுக்கு ஒரு வழி உண்டு. சீட் தைக்கும் கடையில் கொடுத்து, பின்பாதியை மட்டும் அகலப்படுத்தி, நல்ல ஃபோம் போட்டு, நடுவில் ஒரு சின்ன மேடு வைக்கச் சொல்லுங்கள். முன்பாதியில் கைவைக்க விடாதீர்கள், அங்கே உயரம் ஏறினால் கால் எட்டாது. சேலை கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொள்ளும், ஓடை தாண்டியதும் ஒரு குச்சியால் தள்ளிவிடுங்கள்.