லைசோசோமா, புரோட்டியசோமா: செல் தன் கத்தியை எங்கே வைக்கிறது?

பினாங்கில் எங்கள் வீட்டு ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குப் பச்சைப் பப்பாளியை அரைத்துத் தடவுவது வழக்கம். சௌராஸ்தா சந்தையில் வாங்கிவந்த கறியை ஒருமுறை இரவு முழுக்க அப்படியே ஊறவிட்டேன். காலையில் சட்டியில் கூழ்தான் இருந்தது. பப்பாளிப் பாலிலுள்ள பப்பைன் என்ற நொதி, கண்ட புரதத்தையெல்லாம் வெட்டும். அதன் பங்காளிகளான கேதெப்சின் பி, கேதெப்சின் எல் இரண்டும் நம் செல்களுக்குள்ளேயே இருக்கின்றன. பிறகு நாம் ஏன் கூழாகவில்லை?

மலேசியாவின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். மாணவர்களிடம் கேட்டால் லைசோசோம் என்பார்கள். 1955இல் விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டுவ் அடையாளம் காட்டிய, கேதெப்சின் போன்ற நொதிகளைச் சவ்வுக்குள் அடைத்துவைக்கும் பை அது. உள்ளே அமிலச் சூழல்: பி.எச். 4.5 முதல் 5 வரை. வெளியே ஏறத்தாழ 7.2. கொஞ்சம் கசிந்தாலும் பெரும்பாலான கேதெப்சின்களின் வீரியம் குறைந்துவிடும். பழுதான மைட்டோகாண்டிரியா, விழுங்கிய பாக்டீரியா என்று மொத்தச் சரக்குக்கு இதை விட்டால் ஆளில்லை. ஆனால் பைக்குள் போனபின் தராதரம் கிடையாது.

என் ஓட்டு புரோட்டியசோமுக்குத்தான். சவ்வே இல்லாமல் கத்தியைப் பூட்டிவைத்திருக்கிறது! ஏழேழு புரதங்களாலான நான்கு வளையங்கள் அடுக்கிய பீப்பாய். வெட்டும் முனைகள் எல்லாம் உட்புறம். மடிந்த புரதம் தானாக நுழைய முடியாது. 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம், முத்திரைபோல அதன்மேல் சங்கிலியாக ஒட்டியிருக்க வேண்டும்; வாசலிலுள்ள மூடி அதை அடையாளம் கண்டு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்துப் புரதத்தைப் பிரித்து உள்ளே தள்ளும். யுபிகுவிட்டினைக் கழற்றி மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனம் வேறு. உடைப்பதற்கு எதற்கு ஆற்றல் என்பது பழைய புதிர். ஆள் பார்த்து உடைப்பதற்கான கூலி அது. இந்த முத்திரை முறையைக் கண்டறிந்த சீச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. மல்டிபிள் மயலோமா என்ற புற்றுநோய்க்கான போர்டெசோமிப் மருந்து அடைப்பதும் இந்தப் பீப்பாயைத்தான். ஓயாமல் புரதம் தயாரிக்கும் அந்தச் செல்கள் குப்பை தேங்கித் திணறும்.

குறையும் உண்டு. திரண்டு கட்டியாகிவிட்ட புரதம் இந்த வாசலுக்குள் அடங்காது. லைசோசோமிடம்தான் போக வேண்டும்.

செல்லுக்குள் புரதம் வெட்டும் வேறு நொதிகளான கேஸ்பேஸ், கால்பைன் இரண்டையும் இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அவை குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நறுக்குபவை, முழுதாகச் செரிப்பதில்லை. ஆனாலும் கால்பைனுக்குக் கால்சியம் கிடைத்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடும். ஆட்டை வெட்டியபின் தசைச் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. கால்பைன் நார்களைத் தளர்த்துகிறது. குளிர்பெட்டியில் ஒருநாள் இருந்த கறி மிருதுவாவது இதனால்தான். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பப்பாளிக்கு அரைமணி நேரம்தான்.