ஆயா வீடா, அடுக்குமாடியா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வழக்கமான பேச்சுதான் இது. மகளும் மருமகனும் சென்னையில் வேலைக்குப் போகிறார்கள்; பிள்ளைக்கு ஒரு வயசு ஆகப்போகிறது. "பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் இங்கேயே விட்டுட்டுப் போங்க, இம்புட்டுப் பெரிய வீடு சும்மாத்தானே கிடக்கு" என்கிறார் ஆயா, அதாவது பிள்ளையின் பாட்டி. மகளுக்கு மனசு வரவில்லை. பாசக் கணக்கு நமக்கு வேண்டாம். பிள்ளையின் உடம்புக்குப் பிற்காலத்தில் எது கைகொடுக்கும் என்று மட்டும் பார்ப்போம்.

கண் விஷயத்தில் ஊர் சுலபமாக ஜெயிக்கும். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். 3 வருஷம் கழித்து, வெளியே விடப்பட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றவர்களில் சுமார் 40. அந்த ஆய்வு வெளியானது 2015-இல். வெளிச்சம்தான் காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். வெயில் நேரத்தில் திறந்த வெளியில் 10,000 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் கிடைக்கும். விளக்குப் போட்ட அறையில் சில நூறுதான். திறந்த முற்றமுள்ள வீட்டில் பிள்ளைக்கு அது இலவசம். முற்றத்தை ஷீட் போட்டு மூடிவிட்டு, பட்டாலைக் கூடத்தில் டிவி ஓடுகிற வீடென்றால் சென்னை ஃபிளாட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் வாடகைதான்.

ஒவ்வாமை, ஆஸ்துமா பற்றிப் பேசினால் "மண்ணுல புரண்டு வளர்ந்தா ஒன்னும் வராது" என்பார்கள். பாதி சரி. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். பூர்வீகமும் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21. ஆமிஷ் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம். மற்றவர்கள் எந்திரம் வைத்துப் பண்ணையை வீட்டிலிருந்து தள்ளி நடத்துகிறார்கள். 2016-இல் வந்த ஆய்வில் இரண்டு வீட்டுத் தூசியையும் எலிகளுக்குக் கொடுத்தபோது, ஆமிஷ் வீட்டுத் தூசிதான் மூச்சுக்குழலைக் காத்தது. ஆக, பலன் மாடு கன்றோடு சேர்ந்த மண்ணுக்கு. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்த, வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டின் தூசிக்கும் ஒட்டடைக்கும் அந்தப் பெருமை கிடையாது. பக்கத்தில் தொழுவம் இருந்தால் ஊருக்கு ஒரு மதிப்பெண், இல்லையென்றால் சமன்.

அப்புறம் சர்க்கரை. நம்மில் பலருக்கும் உண்மையான பயம் இதில்தான், ஆயாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாத இடமும் இதுதான். புனே குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளையும் ஒப்பிட்டார் மருத்துவர் யாஜ்னிக். நம் குழந்தை பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, அவர்களுடையது 3.5. குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்பும்; தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. வயிற்றில் இருக்கும்போதே பாதிக் கதை எழுதப்படுகிறது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் கருவில் இருந்தவர்களை 50 வயதில் சோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

அதற்குப் பின்னால் என்ன செய்கிறோம் என்பதும் சேர்கிறது. டெல்லியில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்ட 1,492 பேரின் கணக்கு 2004-இல் வந்தது. சர்க்கரையோ அதன் முன்கட்டமோ வந்தவர்கள் இரண்டு வயசு வரை மெலிந்தே இருந்தவர்கள். அதற்கப்புறம் எடை விறுவிறுவென ஏறியவர்கள். 12 வயசில் அவர்களில் ஒருவர்கூட 'குண்டு' இல்லை. வகுப்பில் சராசரியாகத் தெரிந்த பிள்ளைகள்தான்.

முதல் இரண்டு வருஷம் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு வளரவேண்டும். இதில் ஆயா கை ராசியானது. பருப்பும் நெய்யும் முட்டையும் பொறுமையாக ஊட்ட சென்னையில் யாருக்கு நேரம்? ஆனால் மூன்று வயசிலும் "எலும்பும் தோலுமா இருக்கான்" என்று காலையில் பால் பணியாரம், சாயங்காலம் கந்தரப்பம், நடுவில் ஐயா (தாத்தா) வாங்கிவரும் பிஸ்கட் என்று போனால், டெல்லிக் கணக்கில் பார்த்த அதே பாதை. பணியாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, தினப்படி ஆக்க வேண்டாம் என்கிறேன். சென்னை ஃபிளாட் இதில் உத்தமம் என்றும் இல்லை. அங்கே அதே வேலையை டெலிவரிப் பையன் செய்கிறார்.

என் முடிவு: இரண்டு வயசு வரை, அம்மாவும் கூட இருக்க முடிந்தால், ஊர். அதற்குப் பிறகு விடுமுறைகளுக்கு ஊர், மற்ற நாளில் சென்னை; தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கீழே இறக்கி விளையாட விடவேண்டும். அம்மா வரமுடியாதென்றால் நான் சென்னைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் முன்கூட்டியே கதவு, ஜன்னல், தூண்களைப் பார்த்துவிடுங்கள். பழைய எண்ணெய்ப் பெயின்ட்களில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90) என்று வரம்பு வைத்த விதி 2016-இல்தான் வந்தது. உரிந்து விழும் செதிலைத் தவழும் பிள்ளை வாயில் போட்டால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூசி பறக்கும்; பிள்ளை வருவதற்கு முன்பே நனைத்துத் தேய்த்து, பூசி, தரையை ஈரத்துணியால் துடைத்து முடித்துவிடுங்கள்.