கிரில் மேசையில் கரண்டி மாட்டி: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

கொல்லைப்புறத்தில் கிரில் போடுகிறவர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் அடுப்பைப் பற்றித்தான் இருக்கும். கரியா கேஸா, எத்தனை பர்னர், மூடி எவ்வளவு கனம். இடுக்கியையும் திருப்பியையும் எங்கே மாட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கோழித்துண்டு ஒரு பக்கம் கருக ஆரம்பிக்கும் நேரத்தில் இடுக்கி கைக்கு எட்டாவிட்டால், எவ்வளவு நல்ல அடுப்பாக இருந்தும் பயனில்லை. அதனால் இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில். கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் பனி, இடையில் உறைவதும் உருகுவதுமாகப் பல வாரங்கள். வெளியே நிற்கும் எந்த இரும்புக்கும் இது கடினமான ஊர். எங்கள் கிரில் மேசை, ஓட்டல் சமையலறைச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய சாதாரண எவர்சில்வர் மேசை. நீளம் 48 அங்குலம், அகலம் 24 அங்குலம். மேல் தகடு 430 ரக ஸ்டீல், 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. கனம். கால்களும் கீழ்த்தட்டும் துத்தநாகம் பூசிய இரும்பு. இடது பாதியில் மேசைமேல் வைக்கும் சிறிய கேஸ் கிரில், வலது பாதியில் தட்டுகளும் மசாலா தடவிய பாத்திரமும். இந்த வகை மேசையை வெளியில் வைத்துச் சமைப்பவர்கள் இங்கே நிறைய. கனம் தாங்கும், கழுவுவது எளிது. கரண்டி மாட்ட மட்டும் அதில் ஒரு வழியும் இருக்காது.

முதலில் வந்தது காந்தப் பட்டை. சமையலறைச் சுவரில் கத்தி மாட்டுவதற்கென்று விற்பார்களே, அதே மாதிரி, பின்புறமும் காந்தம் வைத்தது. துளை போட வேண்டாம், வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். 430 ரக ஸ்டீலில் காந்தம் ஒட்டும், விலை கூடிய 304 ரகத்தில் ஒட்டாது. உங்கள் மேசை எந்த ரகம் என்று தெரியாவிட்டால் ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வசந்த காலம் முழுக்க அது நன்றாகவே இருந்தது. ஜூலை வெயில் வந்ததும் கனமான திருப்பியை மாட்டினால் பட்டை மெல்லக் கீழே சரிய ஆரம்பித்தது. அட்டையில் போட்டிருக்கும் தாங்கும் எடை, காந்தத்தை நேராகப் பிடித்து இழுத்து அளந்தது. செங்குத்தான தகட்டில் ஒட்டி அதில் எதையாவது தொங்கவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் தாங்கும். எண்ணெய்ப் பசை படிந்துவிட்டால் இன்னும் மோசம். அப்புறம் சூடு. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும், ஆறிய பிறகும் அது திரும்பாது. வெயில் காய்ந்த தகடும் பக்கத்தில் எரியும் அடுப்பும் சேர்ந்தால் அந்த எல்லை ஒன்றும் தூரமில்லை. இப்போது அந்தப் பட்டை அடுப்புக்கு எதிர் ஓரத்தில் இருக்கிறது. லைட்டரும் தெர்மாமீட்டரும் மட்டும் அதில். அந்த வேலைக்கு நல்ல சாமான்.

அடுத்து மேசை ஓரத்தில் கவ்விக்கொள்ளும் கம்பி ரேக். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேசைக்கு வெளியே நான்கு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். போகவர இடுப்பில் இடிக்கும், குழந்தைகளுக்கு அது முக உயரம். மழைக்குப் போர்த்தும் உறையை அந்த மூலையே குத்திக் கிழித்தது. உறை கிழிந்தால் உள்ளே தண்ணீர் தேங்கும், தேங்கினால் துரு. கரண்டி மாட்ட வாங்கிய சாமான் மேசையின் ஆயுளைக் குறைக்கிறது என்றால் அதை எடுத்துவிடுவதுதான் சரி.

இன்றுவரை நிற்பது மூன்றாவது ஏற்பாடு. மேசையின் வலது பக்கத்து முன்காலையும் பின்காலையும் இணைத்து ஒரு பட்டைக் கம்பி. ஒன்றேகால் அங்குல அகலம், எட்டில் ஒரு அங்குல கனம், 304 ரக ஸ்டீல். மேல் தகட்டுக்கு நான்கு அங்குலம் கீழே, கால்களின் கோட்டைத் தாண்டாமல் உட்பக்கமாக. கால்கள் 1 5/8 அங்குலக் குழாய்கள், இந்த மேசைகளில் பெரும்பாலும் அதே அளவுதான். அந்த அளவுக்கு, உள்ளே ரப்பர் பட்டை வைத்த குழாய் கிளாம்ப் பிளம்பிங் சாமான் கடைகளில் கிடைக்கிறது. காலுக்கு ஒரு கிளாம்ப், கிளாம்பில் பட்டைக் கம்பி, அவ்வளவுதான். மேசையில் ஒரு துளைகூடப் போடவில்லை.

துளை போடாததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். மேல் தகட்டில் துளை போட்டால் எண்ணெயும் இறைச்சிச் சாறும் அதன் வழியே இறங்கி, அடியில் தகட்டைத் தாங்கும் மடிப்புக்குள் போய்த் தங்கும். அங்கே கை நுழையாது, கழுவ முடியாது. காலில் துளை போட்டால் துத்தநாகப் பூச்சு அந்த இடத்தில் போய்விடும். சுற்றியுள்ள துத்தநாகம் வெளி விளிம்பைக் கொஞ்ச நாள் காப்பாற்றும், ஆனால் குழாயின் உட்புறம் ஈரம் கோத்துக்கொள்ளும். கிளாம்பில் இந்தக் கவலை இல்லை. இடம் பிடிக்கவில்லை என்றால் ஒரு அங்குலம் ஏற்றி இறக்கவும் முடிகிறது. உள்ளிருக்கும் ரப்பர், ஸ்டெயின்லெஸ் கிளாம்பையும் துத்தநாகம் பூசிய காலையும் ஒன்றோடொன்று நேரடியாகத் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டே இருந்தால் அவற்றில் ஒன்று அரிக்கும். இங்கே அரிக்கப்போவது துத்தநாகம்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். ரேக் பெட்டிகளோடு இலவசமாக வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் துத்தநாக முலாம் பூசிய சாதாரண இரும்பு. பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் அப்படி ஒரு சின்ன போல்ட்டை முடுக்கினால் அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன போல்ட்டின் மேல் குவியும். முலாம் சீக்கிரமே போய்விடும், அப்புறம் செந்துரு வழிந்து எவர்சில்வர் தகட்டிலேயே கறை இறங்கும். ஒரே குளிர்காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். 18-8 என்று போட்டிருக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட், நட், வாஷர் எல்லாம் சேர்த்தே சில டாலர்தான். ரேக்கில் மிச்சம் பிடித்தாலும் போல்ட்டில் பிடிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முடுக்கினால் மரைகள் உரசிச் சூடாகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அப்புறம் முன்னும் போகாது, பின்னும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் பசை தடவி, பவர் டூல் இல்லாமல் கையாலேயே நிதானமாக முடுக்குங்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அப்போது பக்கத்தில் இருந்தார். "வாஷர் போடாம நட்டை இறுக்காதேப்பா, ரெண்டு பக்கமும் போடு" என்று சொல்லி ஸ்பேனரை வாங்கித் தானே முடுக்கினார். அவர் முடுக்கிய நட்டுகள் இன்றுவரை தளரவில்லை.

கொக்கிகளுக்குச் சாதாரண எஸ் வடிவக் கொக்கிதான். கரண்டியை எடுக்கும்போது கொக்கியும் சேர்ந்து கையோடு வந்து தரையில் விழும் என்பது எல்லாரும் சொல்லும் குறை. மேல் வளைவைக் கம்பியில் மாட்டிய பிறகு பிளையரால் நெருக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. கீழ் வளைவு மட்டும் திறந்திருந்தால் போதும்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது உயரம். எங்கள் மேசை 35 அங்குலம். கம்பி 31 அங்குலத்தில், கொக்கி இரண்டு அங்குலம், பெரிய இடுக்கி 18 அங்குலம். ஆக இடுக்கியின் நுனி தரையிலிருந்து 11 அங்குலத்தில் நிற்கிறது. கீழ்த்தட்டு இருப்பது 10 அங்குலத்தில். மயிரிழையில் தப்புகிறது. கீழ்த்தட்டு இதைவிட உயரமாக இருந்தால் அதன் மூலைகளில் உள்ள சிறிய ஸ்க்ரூவைத் தளர்த்தி இறக்கிக்கொள்ளலாம்.

பழக்கத்தில் இதன் பெரிய நன்மை, கை நெருப்பைத் தாண்டிப் போவதே இல்லை என்பது. அடுப்பு இடது பக்கம், கம்பி வலது பக்கம். வலது கை கீழே இறங்கினால் இடுக்கி, மேலே வந்தால் அடுப்பு. கிரில் மூடியிலோ அடுப்புக்குப் பின்னாலோ கரண்டி மாட்டும் அமைப்புகளைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பதற்றமாக இருக்கிறது. கொழுப்பு சொட்டித் தீ குபீரென்று எழும் நேரத்தில்தான் நமக்குக் கரண்டி தேவைப்படும், அந்த நேரத்தில் தீக்கு மேலே கையை நீட்ட வேண்டியிருக்கும். அடுப்புக்குப் பின்புறம் சூடான காற்று வெளியேறும் வழியும் அதுதான், அங்கே தொங்கும் இடுக்கியின் பிடி கையைச் சுடும்.

கம்பியில் இரண்டு இடுக்கிகள் தொங்குகின்றன. முன்காலை ஒட்டி இருப்பது பச்சை இறைச்சிக்கு, அதன் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. பின்காலை ஒட்டி இருப்பது வெந்ததை எடுக்க. நடுவில் திருப்பியும் எண்ணெய் தடவும் பிரஷும். மசாலாக் கோழியும் பனீரும் ஒரே அடுப்பில் போடும் வீட்டில் இந்தப் பிரிவினை அவசியம், சைவம் சாப்பிடும் நண்பர்கள் வந்தால் அவர்களுக்கென்று மூன்றாவது இடுக்கி ஒன்றையும் மாட்டிவிடுகிறேன். கோழி வெந்ததா என்பதற்கு இங்கே விவசாயத் துறை சொல்லும் அளவு 165 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 74 செல்சியஸ். அதுவரை பச்சை இறைச்சிக்கான இடுக்கி, அதற்குப் பிறகு மற்றது.

கம்பி பிரஷ்ஷை மட்டும் இந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். அதன் கம்பி இழை உதிர்ந்து உணவோடு வயிற்றுக்குள் போய்க் காயப்படுத்திய சம்பவங்களைப் பற்றி 2012இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி எச்சரித்திருக்கிறது. மற்றக் கரண்டிகளோடு உரசித் தொங்கும்போது இழைகள் வளையத்தான் செய்யும். இப்போது கிரில் சூடாக இருக்கும்போதே மரச் சுரண்டியால் சுத்தம் செய்கிறேன், அதுவும் அதே கம்பியில் தொங்குகிறது.

துரு நிலவரம். பட்டைக் கம்பியும் போல்ட்டுகளும் புதிது மாதிரியே இருக்கின்றன. மேல் தகட்டில் மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் வெளிர்பழுப்புப் புள்ளிகள் வரும், 430 ரகத்தின் இயல்பு அது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த துலக்கும் தூளைப் பச்சை ஸ்கிரப்பரில் எடுத்து, தகட்டில் கோடு ஓடும் திசையிலேயே தேய்த்தால் போய்விடும். இரும்பு நார் கூடாது, அதன் துகள் தகட்டில் பதிந்து அங்கிருந்தே புதுத் துரு கிளம்பும். கால்களின் அடிப்பகுதியில் வெள்ளைப் பொடி பூக்கிறது. பனி உருகப் படிகளில் தூவும் உப்பு தெறிப்பதால் வருவது அது. பனிக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கிறேன். குளிர்காலத்தில் கரண்டிகள் வீட்டுக்குள் வந்துவிடும், கம்பி அங்கேயே இருக்கும். எதுவும் வெளியே துருத்தாததால் புது உறை இன்னும் கிழியவில்லை.

கோடையிலும் சமைத்து முடித்ததும் கரண்டிகளைக் கழுவி உள்ளே கொண்டுவந்துவிடுவது நல்லது. கொழுப்பு வாசனைக்கு ரக்கூன் வரும். கரண்டி தொங்கும் இடத்துக்கு நேர் கீழே, கீழ்த்தட்டில் ஒரு பழைய பேக்கிங் தட்டை வைத்து நியூஸ்பேப்பர் விரித்திருக்கிறேன், சொட்டுவது அதில் விழும்.

குழாய்க் கால் இல்லாமல், அலமாரி போல மூடிய கேஸ் கிரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கிளாம்ப் முறை உதவாது. அவர்கள் பக்கத் தகட்டில் துளை போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு முன் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தகட்டின் பின்னால் கேஸ் குழாய் எங்கே ஓடுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். அந்தத் தகடு மெல்லியது, உட்பக்கம் அகலமான வாஷர் வைக்காவிட்டால் நட் தகட்டையே கிழித்துக்கொண்டு வந்துவிடும். பெயின்ட் போன துளை விளிம்பில் துரு தடுக்கும் பெயின்ட் தொட்டு வைப்பதும் முக்கியம்.

எனக்கு இன்னும் தீராமல் இருப்பது கபாப் கம்பிகள்தான். நீளமானவை, கூரானவை, கொக்கியில் தொங்கவிட்டால் முழங்காலைக் குத்தும். இப்போதைக்கு அவற்றைப் பின்காலோடு சேர்த்துக் கட்டிய, அடி மூடிய ஒரு ஸ்டீல் குழாய்க்குள் நுனி கீழே இருக்கும்படி போட்டுவைக்கிறேன். அடியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை உண்டு. இந்தக் கோடை முழுக்க ஓட்டிப் பார்த்தால்தான் அது சரிவருமா என்று தெரியும்.