முன்தொடைக்கு எது நல்லது: ரோலரா, பூரிக்கட்டையா, நீட்டலா?

தைப்பூசத்துக்குப் பழநி நடக்கப் போகிறவர்கள் மார்கழியிலேயே நடந்து பழகுவார்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி 10 கிலோமீட்டர் போல வரும். போகும்போது நிமிர்ந்து நடந்தவர்கள், திரும்பும்போது வயிறு முன்தள்ளி, கீழ்முதுகு குழிந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். "முதுகு பிடிச்சிருச்சு" என்பார்கள். பலருக்குப் பிடித்திருப்பது முன்தொடை.

முன்தொடையில் இருக்கும் நான்கு தசைகளில் ஒன்று மட்டும் இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே போகிறது. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் அது இறுகி, இடுப்பெலும்பை முன்பக்கம் சாய்த்துவிடும். பின்னங்கால் முழுசாகப் பின்னால் போகாது, எடுத்து வைக்கும் எட்டு குறுகிவிடும்.

ஃபோம் ரோலர் என்பது கெட்டியான நுரைப்பஞ்சு உருளை. அதன் மேல் முன்தொடை படும்படி குப்புறப் படுத்து, ஒரு காலுக்கு ஒரு நிமிடம், இரண்டு முறை உருட்டினால் அப்போதே கால் இலகுவாக மடங்கும். பலமும் குறையாது. ஆனால் தசை நீளமாவதில்லை. நரம்புகள் பிடியைக் கொஞ்சம் தளர்த்துகின்றன, அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கே வந்துவிடும். நடக்கக் கிளம்பும் முன் செய்ய இதுதான் சரி. முழங்கால் சில்லின் மேல் உருட்டக் கூடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ரோலர் வழுக்கும், ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள்.

பூரிக்கட்டையில் அழுத்தம் குறைவுதான். ஆனாலும் தரையில் குப்புறப் படுக்க முடியாத பெரியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி, வலி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும் தங்கள் கையாலேயே அழுத்தலாம். நல்லெண்ணெய் தேய்ப்பது நடந்து வந்த பிறகு சுகம், இறுக்கத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

நீட்டல் மெதுவாகத்தான் வேலை செய்யும். வளவுத் தூணை (வீட்டு முற்றத்துத் தூண்) ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் குதிகாலைப் புட்டத்தை நோக்கி மடக்கி 30 விநாடி, காலுக்கு மூன்று முறை. இடுப்பை வளைத்து ஏமாற்றக் கூடாது. புட்டத்தை இறுக்கினால் முன்தொடை தானாக இழுபடும். தினமும் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும், நிலைக்கவும் செய்யும். உருட்டல், நீட்டல் இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு நீட்டலுக்கே. நேரமிருந்தால் உருட்டிவிட்டு நீட்டுங்கள்.

ரோலர் மட்டுமே நடையை நிமிர்த்திவிடும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. புட்டத் தசைக்குப் பலமில்லாவிட்டால் இடுப்பு மறுபடி சாயும். அதற்கு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி இறக்குவது போதும், 10 முறை.

அப்புறம், காலில் நரம்புச் சுருட்டல் உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ரோலரையோ கட்டையையோ தொட வேண்டாம்.