5இ3 ஆம்பில் கிரவுண்ட்: ஒரே போல்ட்டா, பஸ் கம்பியா, பிரித்த ஸ்டாரா?

ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் 5இ3 என்ற வால்வு கிட்டார் ஆம்பை வீட்டில் கட்டுகிறவர்கள் ட்ரான்ஸ்பார்மருக்கும் வால்வுக்கும் தாராளமாகச் செலவு செய்வார்கள். கிரவுண்ட் வயரை (மின்னோட்டம் திரும்பும் பூஜ்ய வோல்ட் வழி) மட்டும் கைக்கு எட்டிய இடத்தில் சால்டர் செய்துவிடுவார்கள். ஆம்ப் பாடும், கூடவே உறுமும்.

முதலில் உறுமலின் சுருதியைப் பாருங்கள். கிட்டாரின் ஆறாவது தந்தியில் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதோடு ஏறக்குறைய ஒட்டினால் அது 100 ஹெர்ட்ஸ்: ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் வால்வு) பக்கத்துக் கோளாறு. ஒரு ஆக்டேவ் கீழே இருந்தால் 50: ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) அல்லது கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் இரண்டு வழியில் சேர்ந்து உண்டாகும் வளையம்).

100 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது? 5ஒய்3 ரெக்டிஃபையர் அலையைச் சமன்செய்யும் முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரை விட்டுவிட்டுத் துடிப்புகளாக நிரப்புகிறது. துடிப்பின் உச்சம் அரை ஆம்பியர் என்று வையுங்கள். 22 ஏடபிள்யூஜி (அமெரிக்க வயர் தடிமன் அளவு) வயர் 10 செ.மீ. நீளத்துக்கு சுமார் 5 மில்லி ஓம், அதில் 2.5 மில்லிவோல்ட் விழும். கிட்டாரிலிருந்து வருவதே சில பத்து முதல் சில நூறு மில்லிவோல்ட்தான். முதல் வால்வின் கேத்தோடு (எலக்ட்ரான் கிளம்பும் முனை) அந்த வயரையே கிரவுண்டாகப் பிடித்திருந்தால் உறுமலும் சேர்ந்து பெருகும். அதனால் எந்த முறையானாலும் பவர் ட்ரான்ஸ்பார்மரின் எச்டி (உயர் மின்னழுத்த) சுருளின் நடு டேப் நேராக முதல் கெப்பாசிட்டரின் மைனஸ் காலுக்கே போகட்டும். பாக்கி கிரவுண்ட் அந்தக் காலிலிருந்து கிளம்பட்டும்.

ஒரே போல்ட் ஸ்டார் (எல்லா கிரவுண்ட் வயரும் ஒரே புள்ளியில்): காகிதத்தில் அழகு. நிஜத்தில் ஒரு டஜன் வயர் ஒரே போல்ட்டில் நெரியும். இன்புட் பக்கத்திலிருந்து 30 செ.மீ. ஓடிவரும் வயர் ரேடியோவையும் பிடிக்கும். ஒரே ப்ரீஆம்ப் (முதல் கட்டப் பெருக்கி) வால்வு உள்ள சின்ன ஆம்புக்குப் போதும்.

பஸ் கம்பி: வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் முதுகோரம் ஓடும் தடித்த ஈயம் பூசிய செம்புக் கம்பி. கட்டுவது சுலபம், பிழை தேடுவது அதைவிடச் சுலபம். ஆனால் வரிசை தவறக்கூடாது: ஒரு முனையில் முதல் கெப்பாசிட்டர், மறுமுனையில் இன்புட். நடுவில் கெப்பாசிட்டரைச் செருகினால் மேலே சொன்ன கதைதான். கண்ட்ரோலின் உலோக மூடியிலேயே சால்டர் செய்வதைத் தவிருங்கள்: உள்ளே கார்பன் தடம் கருகும், மூடி வழியாகச் சேசிஸும் (ஆம்பின் உலோகப் பெட்டி) தொட்டுக்கொள்ளும்.

பிரித்த ஸ்டார்: 5இ3-க்கு என் தேர்வு இதுதான். 16 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்று உண்டு. ஒவ்வொன்றின் மைனஸும் அது ஊட்டும் பகுதிக்குச் சொந்த கிரவுண்ட். முதலாவதில் 6வி6 பவர் வால்வு ஜோடியின் 250 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் சுருளும், இரண்டாவது அந்த ஜோடியின் ஸ்க்ரீன் கிரிட்டுக்கு, மூன்றாவதில் 12ஏஒய்7, 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வுகள், வால்யூம், டோன். மூன்றையும் வரிசையாக ஒரே வயரில் கோத்து இன்புட் ஜாக் அருகே ஒரே இடத்தில் சேசிஸோடு இணையுங்கள். வேலை சற்று அதிகம், ஆனால் துடிப்பு ப்ரீஆம்ப் பக்கம் எட்டிப்பார்க்காது.

ஹீட்டர் தனி விஷயம். ரெக்டிஃபையர் தவிர்த்த நான்கு வால்வும் சேர்ந்து 1.5 ஆம்பியர் இழுக்கும். பழைய பாணியில் ஒரு காலைச் சேசிஸில் விட்டு அதையே திரும்பும் வழியாக்காதீர்கள். இரண்டு வயரையும் இறுக்கி முறுக்கி, சேசிஸ் மூலையோரமாக ஓட்டுங்கள். ஹீட்டர் சுருளின் நடு டேப்பை (இல்லையென்றால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரின் சந்திப்பை) 6வி6 கேத்தோடில் கட்டினால் ஹீட்டர் சுமார் 20 வோல்ட் மேலே மிதக்கும். காசில்லாத வைத்தியம், பெரும்பாலும் பலிக்கும்.

மெயின்ஸ் எர்த் இந்தக் கணக்கிலேயே சேராது. பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷரோடு அதற்கென்றே ஒரு போல்ட். ட்ரான்ஸ்பார்மர் போல்ட்டைப் பகிரக்கூடாது. உறுமலுக்குப் பயந்து அதைக் கழற்றுவது உயிரோடு விளையாட்டு.

கடைசியில் மீட்டர் சோதனை. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே வடித்து, மின்னழுத்தம் பூஜ்யம் என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். இன்புட் அருகே உள்ள அந்த ஒரே சேசிஸ் இணைப்பை அவிழ்த்து, கிரவுண்டுக்கும் சேசிஸுக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். திறந்த சர்க்யூட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் உலோக ஸ்பீக்கர் ஜாக்கைப் பாருங்கள்: அதற்கு ஃபைபர் வாஷர் போட மறந்திருப்பீர்கள்.